பள்ளிப் பாதையில் புதைத்த வெடி: காசும் கொடுப்போம், கணக்கும் கேட்போம்

(மாணவர் பயிற்சி முகாமின் இரண்டாம் நாள் மாலையில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)

மாணவத் தோழர்களே!

இன்று காலை வகுப்பு முடிந்து எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தபோது, உங்களில் ஒரு தங்கை எங்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "தோழர், வெளிநாடுகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியல் குலுக்கியும் பலகாரம் விற்றும் பணம் சேர்க்கிறார்கள். ஆப்பிரிக்காவில் பள்ளிகளுக்குப் பக்கத்தில் புதைந்து கிடக்கும் கண்ணிவெடிகளை அகற்ற அதை அனுப்புகிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். அவர் முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஒரு தம்பி குறுக்கிட்டார். "அதெல்லாம் தர்மப் பிரபுக்கள் செய்கிற வேலை. வெடியைப் புதைத்தவன் சுகமாக இருக்கிறான். பிள்ளைகள் மிட்டாய்க் காசைக் கொடுக்க வேண்டுமா?" என்றார்.

இரண்டு பேரும் கேட்டது நியாயமான கேள்வி. "மாலையில் பதில் சொல்கிறோம்" என்றோம். இந்த உரை முழுவதும் அந்தப் பதில்தான்.

குறுக்கு வழி

நாங்கள் பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். அந்தப் பள்ளிக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு வழி உண்டு. ரோட்டு வழியே போனால் மூன்று மைல். வாய்க்கால் கரையில் இறங்கிக் களத்துமேட்டைத் தாண்டினால் அதில் பாதி. எந்தப் பிள்ளை ரோட்டு வழியே போகும்? முள் குத்தும், பாம்பு கிடக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். நாங்கள் கேட்டதில்லை. பள்ளி மணி அடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். காலையில் ஆட்டை ஓட்டிவிட்டு, தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புகிற பிள்ளைக்கு வேறு வழி கிடையாது.

ஜிம்பாப்வே என்ற ஆப்பிரிக்க நாட்டின் எல்லைக் கிராமங்களில் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் ஒரு குறுக்கு வழி இருந்தது. அந்த நாடு 1980-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி விடுதலை பெற்றது. அதற்கு முன்பு ரொடீஷியா என்ற பெயரில் சிறுபான்மை வெள்ளையர் ஆட்சி அங்கே நடந்தது. விடுதலைப் போராளிகள் மொசாம்பிக்கிலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும் எல்லையைக் கடந்து வந்துவிடக் கூடாது என்று 1970-களில் அந்த ஆட்சியின் ராணுவம் எல்லை நெடுகிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணிவெடிகளைப் புதைத்தது. வேலி போடுவதுபோல வரிசை வரிசையாகப் புதைத்தார்கள்.

ஆட்சி போயிற்று, வெடி போகவில்லை. வெடி வரிசைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். சில ஊர்களில் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெடி வரிசை. பிள்ளைகள் மிதித்து மிதித்து அதற்குள் ஓர் ஒற்றையடிப் பாதையை உண்டாக்கி, அதன் வழியே பள்ளிக்குப் போனார்கள். பாதையைவிட்டு ஓர் அடி விலகினால் காலில்லை. சில சமயம் உயிரில்லை. ஓடும் ஆட்டுக்குட்டியைத் துரத்துகிற பிள்ளை அடி அளந்து வைக்குமா?

கண்ணிவெடியின் தன்மையை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கிக்குக் குறி பார்க்க ஒருவன் வேண்டும். யுத்தம் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்விடுவான். கண்ணிவெடிக்குச் சமாதான உடன்படிக்கை தெரியாது. மிதித்தவன் சிப்பாயா, விறகு பொறுக்கும் கிழவியா, சிலேட்டோடு போகும் சிறுமியா என்பதும் தெரியாது. பல வெடிகளுக்கு ஒரு குழந்தையின் எடையே போதும். காலை இழந்த குழந்தைக்குச் செயற்கைக் கால் பொருத்தினாலும், குழந்தை வளர வளர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழைக் குடும்பம் அதற்கு எங்கே போகும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நகரத்துச் சீமான் வெடியை மிதிப்பதில்லை. தார் ரோட்டில் காரில் போகிறான். தண்ணீருக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பள்ளிக்கும் மண்ணில் கால் வைத்து நடக்கிறவன்தான் மிதிக்கிறான். ஆகவே யுத்தம் முடிந்த பிறகு கண்ணிவெடி ஏழையை மட்டுமே தேடுகிறது.

பள்ளியைச் சுற்றி ஏன் புதைத்தார்கள்?

"எல்லையில் புதைத்தார்கள், சரி. பள்ளிக்கூடத்தைச் சுற்றி எதற்காக?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு மொசாம்பிக் நாட்டின் கதையைப் பார்ப்போம்.

மொசாம்பிக் போர்த்துகல்லுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. 1964-ல் பிரலிமோ என்ற விடுதலை இயக்கம் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியது. அதை அடக்க வந்த போர்த்துகீசிய ராணுவம் வடக்கே தான்சானியா எல்லையிலும், கபோரா பாஸா அணைக்கட்டைச் சுற்றிலும் வெடிகளைப் புதைத்தது. 1975-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி நாடு விடுதலை பெற்றது. ஆனால் மூச்சுவிட அவகாசம் கிடைக்கவில்லை. ரொடீஷிய உளவுத்துறை ரெனமோ என்ற கலகப் படையை உருவாக்கியது. 1980-ல் ரொடீஷியா ஒழிந்ததும் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சி அந்தப் படையைத் தத்தெடுத்துக்கொண்டது. சுமார் 16 ஆண்டுகள் யுத்தம் நடந்தது. சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிகள் இடிக்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. 1992-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி ரோம் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இப்படிப்பட்ட யுத்தத்தில் பள்ளிக்கூடத்துக்கு என்ன நேரும்? கிராமத்தில் எல்லாமே மண் குடிசை. கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய கட்டிடம் பள்ளிக்கூடம்தான். படை வந்தால் அங்கேதான் தங்கும். தங்கினால் இரவில் எதிரி நெருங்காதிருக்கச் சுற்றிலும் வெடி புதைக்கும். கிணற்றடி, பாலம், மின்கம்பம், பள்ளி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பிறகு படை கிளம்பிப் போய்விடும். எங்கே எத்தனை புதைத்தோம் என்று எழுதி வைத்துவிட்டா போகிறார்கள்? புதைத்தவனே செத்துப்போயிருப்பான். மழை பெய்யும், புல் வளரும், வெள்ளம் வந்தால் மண்ணோடு வெடியும் இடம் மாறும். சமாதானம் வந்துவிட்டது என்று நம்பி உபாத்தியாயரும் பிள்ளைகளும் திரும்பி வருவார்கள். விளையாட்டு மைதானத்துக்குப் போகலாமா கூடாதா என்று சொல்ல ஆளிருக்காது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் இயக்கத்தின் மேடையில் இதைச் சொல்லச் சிலர் கூச்சப்படுவார்கள், நாங்கள் கூச்சப்படவில்லை. காலனி ராணுவமும் நிறவெறியர்களும் அவர்களின் கூலிப்படையும் மட்டுமே வெடி புதைத்தார்கள் என்பது முழு உண்மை அல்ல. விடுதலைப் போராளிகளும் புதைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு அரசாங்கப் படைகளும் புதைத்தன. மொசாம்பிக்கிலும் அங்கோலாவிலும் தோண்டி எடுத்த வெடிகளில் மேற்கு நாடுகளில் செய்தவை உண்டு. தென்னாப்பிரிக்காவில் செய்தவை உண்டு. சோவியத் நாட்டில் செய்தவையும் உண்டு. யுத்தத்தை அந்த நாடுகளின் தலையில் கட்டியவர்கள் யார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. முதல் குற்றவாளி ஏகாதிபத்தியமே. ஆனால் நியாயமான யுத்தத்துக்காகப் புதைத்த வெடியும் சிறுமியின் காலை அதே மாதிரிதான் பறிக்கிறது. அந்தச் சிறுமியிடம் போய், "இது நம் தரப்பு வெடி" என்று சமாதானம் சொல்ல முடியுமா? நம் தரப்புக் கணக்கையும் சேர்த்து வைத்தால்தான் மற்றவனிடம் கணக்குக் கேட்க நமக்கு யோக்கியதை உண்டு.

மூன்று டாலரும் ஆயிரம் டாலரும்

இனி கணக்குக்கு வருவோம். ஒரு சாதாரணக் கண்ணிவெடியைச் செய்ய 3 டாலர் முதல் 30 டாலர் வரை ஆகும் என்பது ஐக்கிய நாடுகள் சபை நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அதைக் கண்டுபிடித்து அகற்ற 300 டாலர் முதல் 1,000 டாலர் வரை ஆகும்.

ஏதோ ஒரு நாட்டில் நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு வாரம் ஒரு டாலர் சேர்க்கிறார்கள். ஓர் ஆண்டில் 2,080 டாலர் சேரும். அந்தப் பணத்தில் எத்தனை வெடிகளை அகற்றலாம்? அதிகம் போனால் ஆறு. குறைந்தால் இரண்டு. அந்த ஆறு வெடிகளையும் செய்யத் தொழிற்சாலைக்குப் பிடித்த செலவு, மலிவான ரகமாக இருந்தால், 18 டாலர்! நாற்பது பிள்ளைகள் ஓராண்டு முழுவதும் மிட்டாய் தின்னாமல் சேர்த்ததை ஈடுகட்ட வெடி வியாபாரிக்குப் பதினெட்டு டாலர் போதும்.

காலையில் தம்பி சொன்னதில் உள்ள நியாயம் இதுதான். உண்டியல் மட்டும் கையில் இருந்தால் தொழிற்சாலையை ஜெயிக்க முடியாது.

ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மொசாம்பிக்கில் 20 லட்சம் வெடிகள் கிடக்கின்றன என்று 1990-களின் தொடக்கத்தில் பேசினார்கள். கேட்டவர்கள் மலைத்துப்போனார்கள். இது நடக்கிற காரியமா, பல தலைமுறை ஆகுமே என்றார்கள். வேலை செய்யச் செய்யத்தான் உண்மை தெரிந்தது. உண்மையான எண்ணிக்கை அதில் சிறு பகுதியே. அங்கே நெடுங்காலம் வேலை செய்த ஹாலோ டிரஸ்ட் என்ற ஸ்தாபனம் மட்டும் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வெடிகளை அகற்றியது. 2015-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி, மொசாம்பிக் கண்ணிவெடி இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. சமாதானம் வந்து இருபத்து மூன்று ஆண்டுகளில் காரியம் முடிந்தது. "முடியாது" என்று சொன்னவர்கள் தோற்றார்கள்.

ஒரு மைதானத்தில் ஒரே ஒரு வெடி இருந்தாலும் மைதானம் முழுவதும் மூடிக்கிடக்கும். இருக்கிறதோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தாலும் மூடிக்கிடக்கும். ஆகவே அந்த ஒரு வெடியை அகற்றினால் ஒரு பள்ளிக்கூடமே திறக்கிறது. நாற்பது பிள்ளைகள் அகற்றிய இரண்டு வெடியோ ஆறு வெடியோ, அற்பம் என்று யார் சொல்ல முடியும்?

மண்டியிட்டு வேலை செய்கிறவர்கள்

இந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும் பகுதி வேலை செய்கிறவர்களின் கூலியாகப் போகிறது. பத்திரிகைப் படங்களில் வெளிநாட்டுப் பிரமுகர்கள் கவசம் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் நாள் முழுவதும் வெயிலில் மண்டியிட்டு வேலை செய்கிறவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். ஆப்பிரிக்க ஆண்களும் பெண்களும்தான். அங்கோலாவில் 2017-ல் பெண்களையே கொண்ட அணிகளைப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்று தொடங்கிற்று.

வேலை எப்படி நடக்கிறது? சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு வரிசை பிடிக்கிறார்கள். ஆபத்தான பக்கத்துக்குச் சிவப்பு அடையாளம், சுத்தமான பக்கத்துக்கு வெள்ளை அடையாளம். முதலில் புல்லை அறுக்க வேண்டும். பிறகு உலோகம் காட்டும் கருவியை நிலத்துக்கு மேலே அசைக்க வேண்டும். ஒலி வந்தால் நின்று, மண்டியிட்டு, பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாக மண்ணைக் கிளற வேண்டும். அது ஆணியாக இருக்கலாம், சோடா மூடியாக இருக்கலாம். ஒவ்வொரு ஆணியையும் வெடி என்றே நினைத்துத் தோண்ட வேண்டும். அவசரப்பட்டால் ஆள் இல்லை. நாற்று நடுகிறவர்கள் குனிந்து குனிந்து போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதைவிட மெதுவான வேலை இது.

எலிகளும் இந்த வேலையைச் செய்கின்றன என்றால் சிரிப்பீர்கள். தான்சானியாவில் மொரோகோரோ என்ற ஊரில் அபோபோ என்ற ஸ்தாபனம் ஆப்பிரிக்கப் பெருச்சாளி இனம் ஒன்றைப் பழக்குகிறது. வெடிமருந்தின் வாசனையை மோப்பம் பிடித்து அது மண்ணைப் பிறாண்டிக் காட்டும். எடை குறைவு, ஏறி நின்றாலும் வெடிக்காது. ஆள் கருவியோடு நாலு நாள் வரை தேட வேண்டிய டென்னிஸ் மைதான அளவு இடத்தை இது அரை மணியில் பார்த்துவிடும். மொசாம்பிக்கில் இந்த எலிகள் உழைத்திருக்கின்றன. பொருளை அரிக்கிற பிராணி என்று நாம் அடித்து விரட்டுகிற எலி, அங்கே பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்கிறது!

மாணவர்கள் என்ன செய்தார்கள்?

1990-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் சபை பள்ளி மாணவர்களுக்கென்று ஓர் இயக்கத்தை நடத்தியது. பள்ளிக்கூடங்களின் வெடிகளைப் பள்ளிக்கூடங்களே அகற்றட்டும் என்பதுதான் அதன் பெயரின் பொருள். மாணவர்கள் காசு சேர்த்தால், வேறொரு நாட்டில் ஒரு பள்ளியைச் சுற்றியுள்ள நிலம் சுத்தமாகும். 1999-ல் அமெரிக்காவிலுள்ள ஐக்கிய நாடுகள் சங்கம், வெடி புதைந்த ஒரு நிலத்தைத் தத்தெடுத்து அதற்கான செலவைத் திரட்டும் இயக்கத்தைத் தொடங்கியது. பள்ளிகளும் ஊர்ச் சங்கங்களும் அதில் சேர்ந்தன. மோப்ப நாய்களைப் பழக்கி அனுப்பப் பணம் சேர்த்த அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. கனடாவில் வாலிபர்கள் பள்ளி பள்ளியாகப் போய்க் கண்ணிவெடியைப் பற்றிப் பேசினார்கள்.

அந்தப் பிள்ளைகள் பணம் மட்டும் சேர்க்கவில்லை. பணம் கேட்கப் போன இடத்தில், "இந்த வெடியை யார் செய்தது?" என்ற கேள்வி எழுந்தது. தேடிப் பார்த்தால் சில சமயம் பதில் அவர்கள் நாட்டிலேயே இருந்தது! உண்டியலை எடுத்துக்கொண்டு போன பிள்ளை கேள்வியை எடுத்துக்கொண்டு வீடு திரும்பியது.

அந்தக் கேள்வி உலகெங்கும் எழுந்ததன் பலன்தான் ஒட்டாவா ஒப்பந்தம். 1997-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி அது கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1999 மார்ச் 1-ந் தேதி அமலுக்கு வந்தது. மனிதர்களைக் கொல்லும் கண்ணிவெடியைச் செய்வதும், விற்பதும், சேமிப்பதும், புதைப்பதும் குற்றம் என்றது. இந்த ஒப்பந்தத்துக்காகப் போராடிய சர்வதேச இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் என்ற பெண்மணிக்கும் 1997-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஒரு காலத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் இந்த வெடியைத் தயாரித்தன. ஒப்பந்தத்துக்குப் பிறகு தயாரிக்கும் நாடுகளின் பட்டியல் சுமார் ஒரு டஜனாகச் சுருங்கியது. நாற்பது பிள்ளைகளின் உண்டியலால் ஜெயிக்க முடியாத தொழிற்சாலையை, உண்டியலோடு சேர்ந்து எழுந்த கோரிக்கை மூட வைத்தது.

தர்மமா? அரசியலா?

இப்போது எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு மாணவர் கிளை இதே யோசனையோடு எங்களிடம் வந்தது. அங்கோலாவில் பள்ளிப் பிள்ளைகள் வெடியில் சாகிறார்கள் என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். "நம் ஊரில் பிரச்னை இல்லையா? முதலில் விடுதிக்குத் தண்ணீர் வசதி கேட்டுப் போராடுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். விடுதிக்காகவும் போராட வரவில்லை. எங்கோ உள்ள பிள்ளைக்காக இளகிய மனசை நாமே இறுகச் செய்துவிட்டு, பக்கத்து அறை மாணவனுக்காக அது இளகவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது? அன்று நாங்கள் அரசியல் பேசியதாக நினைத்தோம். உண்மையில் சோம்பலைத்தான் பேசினோம்.

உண்டியல் என்பது என்ன என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு முறுக்கு விற்கும் அம்மா. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பஸ் நிலையத்தில் உண்டியல் குலுக்கினோம். அந்த அம்மா இரண்டு ரூபாய் போட்டார். பத்து நாள் கழித்து அதே இடத்தில் எங்கள் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார். "தம்பி, பணம் போய்ச் சேர்ந்ததா? எவ்வளவு சேர்ந்தது? சர்க்கார் எவ்வளவு கொடுத்தது?" என்று கேட்டார். மூன்று கேள்வி! இரண்டு ரூபாய் போடாதவரை அவர் அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை. போட்டதும் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்று தெரிந்துகொண்டார்.

தோழர்களே, தர்மத்துக்கும் தோழமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தர்மம் செய்கிறவன் காசைப் போட்டுவிட்டுப் புண்ணியம் கிடைத்தது என்று திரும்பிப் பார்க்காமல் போகிறான். தோழன் காசைப் போட்டுவிட்டு, கணக்குக் கேட்கத் தொடங்குகிறான். எத்தனை சதுர மீட்டர் சுத்தமாயிற்று? பள்ளி திறந்ததா? வெடியைச் செய்தவன் எவ்வளவு கொடுத்தான்? கொடுக்கவில்லையென்றால் ஏன் கொடுக்கவில்லை?

இது நம்முடைய கற்பனைக் கோரிக்கை அல்ல. மொசாம்பிக் விடுதலை பெற்றதும் அதன் கல்வி மந்திரியானவர் கிராசா மாஷல் அம்மையார். யுத்தத்தில் பள்ளிகள் அழிந்ததை அறிந்தவர். அவர் 1996-ல் ஐக்கிய நாடுகள் சபைக்கு, யுத்தம் குழந்தைகளை எப்படிப் பாதிக்கிறது என்று ஓர் அறிக்கை கொடுத்தார். கண்ணிவெடி விற்று லாபம் சம்பாதித்த கம்பெனிகளும் நாடுகளும் அதை அகற்றும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று அதில் சொன்னார். எவ்வளவு நேர்மையான கோரிக்கை! பாத்திரத்தை உடைத்தவன் விலை கொடுக்க வேண்டும் என்பது கிராமத்துப் பஞ்சாயத்துக்கே தெரிந்த நியாயம். உலகப் பஞ்சாயத்தில் மட்டும் இன்றுவரை அது நிறைவேறவில்லை. உடைத்தவன் நழுவிவிட்டான், பள்ளிப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

ஜிம்பாப்வேயைப் பாருங்கள். 1980-ல் விடுதலை. எல்லை வெடிகளை அகற்றும் வேலை பல பகுதிகளில் முழு வேகம் பெற்றது 2013-க்குப் பிறகுதான். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் அந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். அங்கோலாவில் 2002 ஏப்ரலில் யுத்தம் ஓய்ந்தது. 2025-லும் வெடி தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பெரிய இடத்துப் பிரமுகர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டால் பணம் வரும். போட்டோ பழசானால் பணம் குறையும். தயவை நம்பி நடக்கிற காரியம் இப்படித்தான் இழுக்கும். கடமை என்று ஒப்புக்கொள்ள வைத்தால்தான் முடியும்.

நம் வீட்டுக் கணக்கு

ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமல் போனால் அது யோக்கியமல்ல. ஒட்டாவா ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திடவில்லை. ரஷ்யா இல்லை. சீனா இல்லை. இந்தியாவும் இல்லை! வெடி தயாரிக்கும் அந்த ஒரு டஜன் நாடுகளின் பட்டியலில் நம் நாட்டின் பெயரும் இடம்பெற்று வந்திருக்கிறது. 2001 டிசம்பருக்குப் பிறகு பாகிஸ்தான் எல்லை நெடுகிலும் நம் ராணுவம் வெடி புதைத்தது. அதில் எல்லைக் கிராமத்து விவசாயிகளின் விளைநிலமும் உண்டு. புதைக்கப் போன நம் சிப்பாய்களும் அதில் மாண்டார்கள். நமக்கு அண்டையிலுள்ள இலங்கை, யுத்தம் முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து 2017 டிசம்பரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அங்கே வடக்கில் மிதிவெடி என்றால் என்னவென்று தமிழ்ப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சமாதான இயக்கம் தூங்கினால் பெற்றதும் கைநழுவும். 2024 நவம்பரில் அமெரிக்கா உக்ரைனுக்குக் கண்ணிவெடி கொடுக்க அனுமதித்தது. அந்த யுத்தத்தில் ரஷ்யாவும் கண்ணிவெடியைத் தாராளமாகப் புதைத்தது. 2025-ல் லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய நாடுகள் ஒப்பந்தத்தைவிட்டு விலக முடிவு செய்தன. ஆப்பிரிக்காவில் ஒரு கை தோண்டி எடுக்கிறது. ஐரோப்பாவில் இன்னொரு கை புதைக்கத் தயாராகிறது.

முடிவாக

தங்கை கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம், உண்டியல் எடுக்கலாம். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்: ஆம், புதைத்தவனைச் சும்மா விடக்கூடாது. இரண்டும் ஒரே வேலை. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை விட்டால் அது அரை வேலை.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியவை என்ன?

முதலாவதாக, உண்டியலின் மேல் அழுகிற குழந்தையின் படத்தை ஒட்டாதீர்கள். அந்தக் குழந்தை பிச்சை கேட்கவில்லை. தன்னுடைய பள்ளிக்குப் போகும் பாதையைக் கேட்கிறது. அங்கே மண்டியிட்டு வேலை செய்கிற பெண் தொழிலாளியின் படத்தை ஒட்டுங்கள். வெடி செய்யும் செலவையும் அகற்றும் செலவையும் பக்கத்தில் எழுதுங்கள். பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, சேர்ந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி, கல்லூரி வாசலில் ஒட்டுங்கள். முறுக்கு விற்கும் அம்மா வந்து கேட்பதற்கு முன்பே நாமே சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப சட்ட விதிகள் உண்டு. அவற்றை விசாரித்து, முறையாக, நம்பகமான ஸ்தாபனத்தின் மூலம் அனுப்புங்கள்.

மூன்றாவதாக, உண்டியல் போகிற இடமெல்லாம் ஒரு கையெழுத்துத் தாளும் போகட்டும். இந்திய சர்க்கார் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர வேண்டும். வெடியால் லாபம் சம்பாதித்தவர்கள் அகற்றும் செலவை ஏற்க வேண்டும் என்ற இரண்டே கோரிக்கைகள் போதும். காசு போட முடியாத ஏழை கையெழுத்துப் போடட்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரலை வைக்கட்டும்.

மொசாம்பிக்கில் பள்ளி மணி அடிக்கிறது. பிள்ளைகள் பயமின்றி ஓடுகிறார்கள். யாரும் முடியாது என்று சொன்ன காரியம் முடிந்தது. அங்கோலாவின் கிராமங்களிலும் அது முடியும். உலகில் எங்கே ஒரு பிள்ளை பள்ளிக்குக் கிளம்பினாலும், குறுக்கு வழியில் முள் மட்டும்தான் இருக்க வேண்டும்.

காசும் கொடுப்போம்! கணக்கும் கேட்போம்!